மாசிலாமணியைக் கண்டால் குனியும் பிளசர்

பூதலிங்கம் அண்ணாச்சி தன்னுடைய பிளசர் காருக்கு முன் சஸ்பென்சன் போய்விட்டது என்று மாசிலாமணியிடம் பொய் சொன்ன காலையில், அந்தச் சொல் வாயைவிட்டு முழுதாக இறங்குவதற்கு முன்பே, அவர் முதுகுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நல்ல சுகத்தோடு நின்றுகொண்டிருந்த அந்தக் கறுப்பு வண்டி, எதிரே பெரிய மனிதர் வருவதைக் கண்டு தோள்துண்டை இடுப்புக்கு இறக்குகிறவனைப்போல மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல், முன்பக்கம் தாழ்ந்து தாழ்ந்து, பம்பர் தரையைத் தொடப்போகிற இடத்தில் நின்றுகொண்டது. இதில் மேலச்சுரங்குடிக்காரர்களான நாங்கள் அதிசயப்பட எதுவும் இல்லை. ரிப்பேர் என்று சொன்ன வண்டி ரிப்பேர் ஆவது உலக வழக்கம்தான்.

எங்கள் ஊரில் ஒரு ஏற்பாடு உண்டு. 'தரமாட்டேன்' என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. அது மரியாதைக் குறைவு. ஏணி கேட்டு வந்தால் ஏணியில் ஒரு படி ஆடுகிறது என்போம், ஜமுக்காளம் கேட்டால் எலி கடித்துவிட்டது என்போம், வீடு வாடகைக்குக் கேட்டால் மச்சினன் குடும்பத்தோடு வரப்போகிறான் என்போம், அதிலும் கேட்டு வருகிறவர் கீழத்தெருக்காரராக இருந்துவிட்டால் படி ஆடுவதும் எலி கடிப்பதும் மச்சினன் வருவதும் இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாக நடக்கும். கேட்டவரும் 'அப்படியா, சரி' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இரண்டு பக்கமும் முகம் கோணாது. இந்த ஏற்பாட்டில் பொருள்கள் அதுவரை ஒருநாளும் தலையிட்டதில்லை. ஏணி பேசாமல் இருந்தது, ஜமுக்காளம் பேசாமல் இருந்தது. முதலில் தலையிட்டது பூதலிங்கத்தின் பிளசர்தான்.

அது அவருடைய அப்பா ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவிலிருந்து ஏலத்தில் எடுத்து வந்த வண்டி. எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்றெல்லாம் எங்களுக்குத் தெரியாது, பிளசர் என்றால் பிளசர். குண்டு முகம், கோழிமுட்டைக் கண்கள், முன்சக்கரங்களின் மேல் இரண்டு பருத்த தோள்கள். மேலத்தெருவில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அதில்தான் வரவேண்டும், வராத மாப்பிள்ளையைப் பற்றி சம்பந்திகள் கொஞ்சகாலத்துக்கு ஒருவிதமாகப் பேசிக்கொள்வார்கள். அந்த வண்டிதான் பூதலிங்கத்துக்குச் சோறு, அதுதான் அவருக்கு மதிப்பு. ஆனால் அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் அவருக்கு வந்த கஷ்டமே. கெட்டவராக இருந்தால் 'உங்க தெருவுக்கெல்லாம் வண்டி வராதுடே' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்.

மாசிலாமணி பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடுகிறவர். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, குழிக்குள் அதை இறக்கி, வால்வைத் திருகி, மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் பஜாருக்கும் ஒரே தண்ணீரைப் பங்கு வைத்து அனுப்புவார். அவருடைய மூத்த மகள் ஞானசுந்தரி நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சின்ன வயதில் அப்பாவோடு சாவியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு வரும்போதெல்லாம் கொட்டகை வாசலில் நின்று பிளசரைப் பார்த்துவிட்டு, என் கல்யாணத்துக்கு இதில்தான் போவேன் என்று சொல்லிவைத்தவள். சின்னப் பிள்ளைகள் என்னென்னவோ சொல்லும், மாசிலாமணி அதை மறக்காமல் வைத்திருந்தார்.

"முதலாளி, மூத்தவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்" என்றார் அன்று காலையில், சாவியை வாசலுக்கு வெளியே சாய்த்துவைத்துவிட்டு. "பொண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுலேருந்து மாதாகோயிலுக்குப் போக நம்ம பிளசரு கெடச்சா நல்லாருக்கும். வாடக என்ன உண்டோ தந்துருதேன்."

"அதுக்கென்னடே மாசிலாமணி, நம்ம புள்ளைக்கு இல்லாத வண்டியா" என்றார் பூதலிங்கம், குரலில் சர்க்கரையைக் கரைத்து. "ஆனா பாத்துக்க, முன்னால சஸ்பென்சன் போயிட்டு. அசைக்க முடியல. நானே என்ன செய்யன்னு முழிச்சிக்கிட்டு நிக்கேன்."

மாசிலாமணி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆமா முதலாளி, குனிஞ்சுல்லா கெடக்கு" என்றார்.

பூதலிங்கம் திரும்பிப் பார்த்தார். வண்டி குனிந்துதான் கிடந்தது. பொய் சொல்கிறோமே என்று ஒரு ஓரத்தில் கூசிக்கொண்டிருந்த மனசு சட்டென்று லேசாகி, சரி, நாம் சொன்னது பொய் இல்லை, கடவுளாகப் பார்த்து நிஜமாக்கிவிட்டார் என்று அந்த ஒரு நிமிஷம் அவர் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். பின்னால் அவர் எதையெல்லாமோ நினைத்து வெட்கப்பட வேண்டிவந்தது, ஆனால் எல்லாவற்றையும்விட அந்த ஒரு நிமிஷச் சந்தோஷத்தை நினைத்துத்தான் அதிகம் வெட்கப்பட்டார். "அப்படியா, சரி" என்று மாசிலாமணி சாவியை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பியதும், வண்டி ஒரு பெருமூச்சு விட்டு, தாழ்ந்த மாதிரியே மெதுவாக எழுந்து நேராக நின்றது.

செய்தி பஜாருக்குப் போகிற வழியில் கொஞ்சம் புரண்டுவிட்டது. சஸ்பென்சன் என்றால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சர்க்கார் உத்தியோகத்தில் தப்பு செய்தவனை வீட்டுக்கு அனுப்புவதுதான். மாசிலாமணியும் சஸ்பென்சனும் ஒரே வாக்கியத்தில் வந்ததைக் கேட்ட டீக்கடைக்காரர், மாசிலாமணிக்குத்தான் சஸ்பென்சன் என்று முடிவுகட்டிச் சொல்லிவிட, இனிமேல் தண்ணீர் வராது என்று ஊரே குடம் குடமாகப் பிடித்துவைத்தது. சாயங்காலம் அவர் வழக்கம்போல் வால்வைத் திறந்தபோதுதான், சஸ்பென்சன் ஆனது அவர் இல்லை, பிளசர் என்று தெளிந்தது. பிளசர் என்ன தப்பு செய்தது என்று டீக்கடையில் யாரோ கேட்டார்கள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஏணி கேட்டவர்கள் வேறு ஏணி தேடிப் போவதுபோல மாசிலாமணியும் ஒரு வேனோ ஆட்டோவோ பேசிக்கொண்டு போயிருந்தால் எல்லாம் எங்கள் ஏற்பாட்டின்படியே நடந்திருக்கும். ஆனால் அவர் அடுத்த வாரமே, திருநெல்வேலியில் பழைய இரும்புக்கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, கனமான இரண்டு சுருள் ஸ்பிரிங்குகளைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் லக்கேஜ் போட்டு, நிறுத்தத்திலிருந்து தோளில் சுமந்து, சட்டையெல்லாம் துருக்கறையோடு பூதலிங்கத்தின் வாசலில் வந்து இறக்கினார்.

"இதே சைசுதான் முதலாளி. கடக்காரன் அளந்து குடுத்தான். கல்யாணத்துக்குன்னு இல்ல, எப்ப சரியாவுதோ ஆவட்டும். வண்டி இப்படிக் கெடக்கதப் பாத்துட்டுப் போனதுலேருந்து ஒறக்கம் வரல."

கொட்டகைக்குள் வண்டி குனிந்தது. அடுக்களை வாசலில் நின்றிருந்த பூதலிங்கத்தின் மனைவி உலகம்மாள், வண்டியைப் பார்த்தாள், ஸ்பிரிங்கைப் பார்த்தாள், கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள். பூதலிங்கத்தால் என்ன சொல்ல முடியும். நன்றாக இருக்கிற வண்டி என்று சொன்னால் பொய் வெளியே வரும், வேண்டாம் என்றால் சுமந்து வந்த தோளுக்கு என்ன பதில். மெக்கானிக் மிக்கேலுக்கு ஆள் அனுப்பினார்.

மிக்கேல் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்து பஜாரில் ஒர்க்ஷாப் போட்டவன். சுருக்கமாகப் பேசுகிறவன், பேசினால் கொஞ்சம் கடிக்கிறவன். மாசிலாமணி தண்ணீர் திறக்கப் போயிருந்த நேரத்தில் வந்து, வண்டியின் தோளில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினான். வண்டி ஒருதரம் இறங்கி ஒருதரம் ஏறி அசையாமல் நின்றது. "இதுக்கு ஒரு நோவும் இல்லையே. நல்ல வண்டிய எதுக்கு அண்ணாச்சி பிரிக்கச் சொல்லுதிய?" என்றான். பூதலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். அதற்குள் வாசலில் சாவி தரையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது, மாசிலாமணி உள்ளே தலை நீட்டினார், மிக்கேலின் உள்ளங்கைக்குக் கீழேயே வண்டி தாழ்ந்து போயிற்று. மிக்கேல் கையை எடுத்துப் பார்த்தான், மாசிலாமணியைப் பார்த்தான், அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தான், பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டான். "சரி, பிரிச்சிருவோம்" என்றான்.

இப்படியாக எங்கள் ஊரில் ஒரு நோவும் இல்லாத சஸ்பென்சனுக்கு வைத்தியம் தொடங்கியது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, சக்கரங்களைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைகளை அவிழ்த்து, தேயாத ரப்பர் புஷ்களைத் தேய்ந்த புஷ்கள் என்று சொல்லி மாற்றி, வளையாத பின்னை வளைந்த பின் என்று சொல்லித் தட்டி, மிக்கேல் ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கில் பரப்பினான். மாசிலாமணி கூடவே இருந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். பூதலிங்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தன் பொய் நட்டு நட்டாகக் கழன்று மண்ணெண்ணெய் வாசத்தோடு வரிசையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்பிரிங்கை உள்ளே ஏற்றுவதுதான் கஷ்டமான வேலை. நீண்டு கிடக்கும் சுருளைக் கம்பி போட்டு முறுக்கி அமுக்கிக் குறுக்கினால்தான் அது இடத்தில் உட்காரும், அமுக்கும்போது கை தவறினால் தெறித்து ஆளையே கொண்டுபோய்விடும். மிக்கேல் கம்பியை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, சாக்கில் கிடந்த இரும்புக்கடை ஸ்பிரிங்குகள் இரண்டும், தொட்டால் சுருளும் மரவட்டையைப்போல, மாசிலாமணி நிற்கிற திசைக்கு எதிராகத் தாங்களாகவே வளையத்தோடு வளையம் ஒட்டச் சுருங்கிக் கிடந்தன. மிக்கேல் கம்பியைக் கீழே வைத்தான்.

"அண்ணே, அப்பிடியே நில்லுங்க. நகந்துராதிய" என்று மாசிலாமணியிடம் சொல்லிவிட்டு, குறுகிக் கிடந்த ஸ்பிரிங்குகளைத் தேங்காய் எடுத்து வைப்பதுபோல எடுத்து இரண்டு பக்கமும் இடத்தில் வைத்தான். "இனி கொஞ்சம் பஜார் பக்கம் போயிட்டு வாங்க." மாசிலாமணி போனதும் ஸ்பிரிங்குகள் நிமிர்ந்து, கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. தன் தொழிலில் இவ்வளவு சுலபமாக ஒரு ஸ்பிரிங் மாட்டியதில்லை என்று மிக்கேல் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். வேறு வண்டிகளுக்கும் மாசிலாமணியை நிறுத்திப் பார்த்தானாம், அந்த வண்டிகளின் ஸ்பிரிங்குகளுக்கு அப்படி ஒரு கூச்சமும் இல்லையாம்.

வேலை முடிந்து வண்டியை இறக்கினார்கள். மாசிலாமணி ஆசையாக முன்னால் வந்து நின்றார். அவர் சுமந்து வந்த ஸ்பிரிங்குகளின் மேலேயே வண்டி குனிந்தது.

"இன்னும் சரியாகலையே முதலாளி" என்றார் அவர், வருத்தமாக.

ஞானசுந்தரியின் கல்யாணம் நடந்தது. ஒரு ஆட்டோவுக்குப் பூச்சரம் சுற்றி, பின்னால் பேண்டு வாத்தியம் வாசிக்க, பெண்ணும் மாப்பிள்ளையும் பஜாரையும் கொட்டகை வாசலையும் சுற்றிக்கொண்டு மாதாகோயிலுக்குப் போனார்கள். கொட்டகைக் கதவை அன்று சாத்திவைத்திருந்தார் பூதலிங்கம். சாத்திய கதவுக்குப் பின்னால் வண்டி முன்னெப்போதும் குனியாத அளவுக்குக் குனிந்து, பம்பர் சிமெண்டுத் தரையில் பதிந்து ஒரு பள்ளம் விழுந்தது. ஆட்டோவிலிருந்து மணப்பெண் அந்தக் கதவை ஒருதரம் பார்த்தாள். அப்புறம் நேராகப் பார்த்துக்கொண்டாள்.

மாசிலாமணிக்கு வண்டியைத் தராததால் மேலத்தெருவுக்கு ஒரு நஷ்டமும் வராது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அடுத்த முகூர்த்தத்திலேயே அந்த நினைப்பு போயிற்று. மாப்பிள்ளை ஊர்வலம் பஜார் முக்கில் திரும்பும்போது எதிரே தோளில் சாவியோடு மாசிலாமணி வர, பிளசர் முன்பக்கம் தாழ, உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை முன்னால் சரிந்து, தலைப்பாகை மடியில் விழ, பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அவன் மாசிலாமணியைக் குனிந்து கும்பிடுகிற மாதிரியே இருந்தது. மாசிலாமணியும் பதறிப்போய்ச் சாவியைக் கீழே வைத்துவிட்டுத் திருப்பிக் கும்பிட்டார்.

அன்றிலிருந்து ஊர் இதற்கும் ஒரு வழி செய்துகொண்டது. முகூர்த்தநாளில் தெருமுனைக்கு ஒருவன் செல்போனோடு நின்று, 'சாவி இப்போ ஸ்கூல்கிட்ட வருது, வண்டிய நிப்பாட்டு' 'சாவி கீழத்தெருவுல எறங்கிட்டு, இப்போ விடு' என்று தகவல் சொன்னான். அதுவும் போதாமல் முகூர்த்த நேரத்தில் தண்ணீர் திறக்கக்கூடாது என்று பஞ்சாயத்தில் பேசி வைத்தார்கள். மாப்பிள்ளை நிமிர்ந்தபடி வந்து சேர்ந்தான், பந்தியில் உட்கார்ந்தவர்கள் கை கழுவத் தண்ணீர் இல்லாமல் விரலை நக்கிக்கொண்டு எழுந்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். ஸ்பிரிங்குக்கு இடையில் தேக்குக்கட்டை சொருகிப் பார்த்தார்கள். மாசிலாமணி வந்தபோது கட்டை வெற்றிலைக்காம்பு மாதிரி நசுங்கிப்போயிற்று.

ஆனால் ஊர்த்தலைவர் வேலாயுதப் பெருமாளுக்கு வேறொரு புகைச்சல். வண்டி செய்வது மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார். கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை அவருக்கு, பஞ்சாயத்தில் முதல் நாற்காலி அவருக்கு, அப்படியிருக்க வண்டி மட்டும் எப்படி ஆள் மாறி மரியாதை செய்யும் என்று கேட்டார். ஒருநாள் புது வேட்டியும் பட்டுத்துண்டுமாகக் கொட்டகைக்கு வந்து வண்டிக்கு நேரே நின்றார். வெயில் ஏறியது. வண்டி நிமிர்ந்தே நின்றது. கொஞ்சம் செருமினார், துண்டைச் சரிசெய்தார், பக்கவாட்டில் நின்று பார்த்தார். அவருக்குப் பின் மேலத்தெருவில் கௌரவமான ஆட்கள் பலர், ஒருவருக்கும் தெரியாமல் தனித்தனியாக, வேறு ஏதோ வேலையாக வந்த பாவனையில் வண்டியின் முன்னால் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். ஒருவருக்கும் அது குனியவில்லை. மாசிலாமணி ஏதோ மந்திரம் வைத்திருக்கிறார் என்றார்கள், ஸ்பிரிங் சுமந்து வந்தவனுக்கு இரும்பு நன்றி காட்டுகிறது என்றார்கள்.

"மரியாதையாம்" என்றாள் உலகம்மாள், சோற்றைப் போட்டுக்கொண்டே. "அது மரியாத இல்ல, கூச்சம். ஒங்களுக்கு வரவேண்டியது, நீங்க வாங்காம விட்டதுனால அதுக்குப் போயிட்டு."

பூதலிங்கம் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

அதற்கப்புறம் அவர் மாசிலாமணி வருகிற நேரம் பார்த்து வீட்டுக்குள் போகக் கற்றுக்கொண்டார். ஆனால் மாசிலாமணி விடவில்லை. திருநெல்வேலி போகும்போதெல்லாம் ஒரு புஷ், ஒரு ஷாக் அப்சார்பர், ஒரு இரும்புப் பட்டை என்று எதையாவது வாங்கி வந்து, "இதப் போட்டுப் பாருங்க முதலாளி, இதுலயாவது நிமிருதான்னு பாப்போம்" என்று கொடுத்துவிட்டுப் போவார். ஊரில் எல்லாருக்கும் தெரியும் வண்டிக்கு ஒன்றும் இல்லை என்று. நாள் முழுக்க அது நேராகத்தான் நிற்கிறது. எப்போது பார்த்தாலும் அந்தப் பொய்யின்படியே வண்டியைக் காண்கிற ஒரே ஆள், பொய் சொல்லப்பட்ட அந்த ஆள்தான். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பாவம், நம்பிக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

வருஷங்கள் போய், மாசிலாமணியின் இளைய மகள் ஜெபக்கனிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பூதலிங்கம் பத்திரிகை வரும் நாளை எண்ணத் தொடங்கினார். கேட்டு வந்தால் இந்தத் தடவை என்ன சொல்வது. வண்டி கீழத்தெருவுக்குள் போனால் அப்புறம் மேலத்தெரு மாப்பிள்ளை எவனும் அதில் ஏறமாட்டான் என்று வேலாயுதப் பெருமாள் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். வண்டி போனால் சோறு போயிற்று. கொடுக்கவும் பயம், இன்னொருதரம் பொய் சொல்லவும் தெம்பு இல்லை. அவர் கேட்கட்டும், கேட்டால் பார்த்துக்கொள்வோம் என்று காத்திருந்தார்.

மாசிலாமணி பத்திரிகையும் வெற்றிலையுமாக வந்தார், ஆனால் வண்டியைக் கேட்கவில்லை. "குடும்பத்தோட வரணும் முதலாளி" என்றார். கொட்டகைக்குள் குனிந்து கிடந்த வண்டியைப் பார்த்துவிட்டு, "அது இன்னும் செரமப்பட்டுக்கிட்டுதான் கெடக்கு. அதப்போயித் தொந்தரவு பண்ணவேண்டாம்னு ஆட்டோவே சொல்லிட்டேன்" என்றார்.

நம்பர் பிளேட் தரையில் உரசி மடங்கியது. பூதலிங்கம் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கேட்காமல் விட்டது அவரைச் சாய்த்துவிட்டது. உலகம்மாள் உள்ளே போய் ஆணியில் தொங்கிய வண்டிச்சாவியை எடுத்து வந்து, பத்திரிகை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பட்டப்பகலில், பஜாரெல்லாம் பார்த்திருக்க, பூதலிங்கம் தானே பிளசரை எடுத்தார். கீழத்தெரு நெருங்க நெருங்க வண்டி தாழ்ந்துகொண்டே வந்தது. மாதாகோயில் தாண்டியபோது பம்பர் சிமெண்டு ரோட்டைத் தொட்டு, கீழத்தெரு நெடுக ஒரு வெள்ளைக்கோட்டைக் கிழித்துக்கொண்டு போயிற்று. சீட்டு முன்னால் சரிந்ததில் பூதலிங்கம் ஸ்டியரிங்கின் மேலேயே கவிழ்ந்து, தாடை அதில் இடிக்க, அப்படியே ஓட்டினார். ஜனங்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பந்தல் போட்ட வீட்டின் முன்னால் வண்டி நின்றது, மாசிலாமணி கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார்.

பூதலிங்கம் இறங்கினார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அழகாகக் கோத்து வைத்திருந்தார், ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "அன்னைக்கும் ஒண்ணும் இல்ல. நான் சொன்னது பொய். தர மனசில்ல. நீங்க கீழத்தெருன்னுதான் தரல."

நீங்க என்று அவர் சொன்னதை அவரே கவனிக்கவில்லை. தெரு கவனித்தது.

"தெரியும் முதலாளி" என்றார் மாசிலாமணி.

பூதலிங்கம் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் வாசல்ல நொழையும்போது வண்டி நேராத்தான் நின்னுச்சு. நீங்க சொல்லும்போதுதான் கொஞ்சங்கொஞ்சமா எறங்குச்சு. என் கண்ணு முன்னாலதானே."

"பின்ன எதுக்கு... எதுக்கு அந்த இரும்பெல்லாம் சொமந்துகிட்டு வந்திய?"

மாசிலாமணி வண்டியின் பருத்த தோளைத் தடவிக் கொடுத்தார். "நான் வந்து கேட்டதுனாலதானே இதுக்கு இந்தப் பாடு. நான் கேக்காம இருந்திருந்தா இது பாட்டுக்கு நேரா நின்னிருக்கும். ஒரு இரும்பு நம்மளால கூசிக்கிட்டு நிக்குன்னா, பாத்துட்டு எப்பிடி முதலாளி சும்மா போக முடியும்?"

பூதலிங்கம் அங்கேயே, தெருவில், எல்லாருக்கும் முன்னால் அழுதார். அழக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியதால் துண்டை எடுக்காமல் அழுதார். அப்போது வண்டி அவர் பக்கத்தில் எழுந்தது. முதலில் ஒரு தோள், அப்புறம் இன்னொரு தோள், வெயிலில் கறுப்புப் பளபளக்க நேராக நின்றது. மாசிலாமணி அதைப் பார்த்து, "அன்னைக்கு வாசல்ல பாத்தது, பொறவு இப்பதான் பாக்கேன்" என்றார், முகமெல்லாம் மலர.

"நாளைக்குக் காலையில நானே ஓட்டிக்கிட்டு வாரேன்" என்றார் பூதலிங்கம். "நம்ம ஜெபக்கனி இதுலதான் கோயிலுக்குப் போவணும். மேலத்தெரு என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போவட்டும்."

பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு ஜெபக்கனி நின்றிருந்தாள், கையில் மருதாணி காயாமல்.

"வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அது எங்க அக்கா கேட்ட வண்டி. அக்கா கல்யாணம் முடிஞ்சுபோச்சு. நான் கேக்கல."

"ஏட்டி" என்று ஆரம்பித்த மாசிலாமணி, அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு ஜெபக்கனி உள்ளே சொல்லி ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவரச் செய்தாள். "வெயில்ல வந்திருக்கிய. குடிச்சிட்டுப் போங்க." பூதலிங்கம் வாங்கி, அண்ணாந்து ஊற்றாமல், வாய் வைத்துக் குடித்தார். வண்டி எழுந்ததைவிட அந்தச் செம்பைப் பற்றித்தான் ஊர் அதிக நாள் பேசியது.

மறுநாள் ஜெபக்கனி ஆட்டோவிலேயே கோயிலுக்குப் போனாள். கொஞ்சகாலம் மேலத்தெருவில் பிளசரை யாரும் கூப்பிடவில்லை. உலகம்மாள் இட்லி சுட்டு விற்றாள். ஆனால் கல்யாணம் நிற்காது, சுற்றுவட்டாரத்தில் வேறு பிளசரும் கிடையாது, சம்பந்திகளின் வாயையும் அடைக்க வேண்டும், ஆகவே ஒருவர் பின் ஒருவராக, வேறு ஏதோ வேலையாக வந்த பாவனையில் வந்து கூப்பிட்டார்கள். மாசிலாமணி எதிரே வந்தால் இப்போது வண்டி நேராகவே போகிறது, அவர் சாவியைத் தூக்கிக் காட்டுவார், பூதலிங்கம் ஹாரன் அடிப்பார்.

ஆனால் நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து கையில் பிள்ளையோடு ஞானசுந்தரி இறங்குகிற நாளில், வண்டி எங்கே நின்றாலும், எந்த ஊர்வலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தாலும், குனிந்துவிடுகிறது. முதல் தடவை அப்படி ஆனபோது பூதலிங்கம் வண்டியை அப்படியே விட்டுவிட்டு நிறுத்தத்துக்கு ஓடி, அப்பாவிடம் சொன்ன அதே வார்த்தைகளை மகளிடமும் சொன்னார். அவள் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். வண்டி எழவில்லை, அவள் கீழத்தெருவுக்குள் போய் மறைகிறவரை எழவில்லை. அதற்குப்பின் அவர் மிக்கேலைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மேலத்தெரு மாப்பிள்ளைகள் பஸ் வருகிற நேரம் தெரிந்து தலைப்பாகையைக் கையால் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். வெளியூர்ச் சம்பந்திகள்தான் ஒன்றும் புரியாமல், நடுரோட்டில் முகம் தாழ்ந்து நிற்கிற வண்டிக்குள் எட்டிப் பார்த்து, என்ன அண்ணாச்சி, முன் சஸ்பென்சன் போயிட்டோ என்று கேட்பார்கள். பூதலிங்கம் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்தபடியே பதில் சொல்வார்.

"இல்ல. வண்டிக்கு ஒண்ணும் இல்ல."